மருந்து ஊற்றிய பின் பயோஃபில்டர் படுத்துவிட்டதா? இறால் தொட்டியில் அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

போன வாரம் வாழப்பாடியிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். "அண்ணா, அமோனியா மூணுக்கு மேல ஏறிருச்சுங்க. என்ன மருந்து போடட்டும்?" என்றார். நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "கடைசி பத்து நாள்ல தண்ணியில என்னென்ன போட்டீங்க?" கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னார். தொட்டிச் சுவரும் ஃபில்டர் மீடியாவும் (நுண்ணுயிர் ஒட்டி வளர ஃபில்டருக்குள் போடும் பிளாஸ்டிக் துண்டுகள்) வழவழ என்று இருந்ததால் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றியிருக்கிறார். "கொஞ்சந்தாங்க."

அவருடைய தண்ணீரை அதுவரை சுத்தம் செய்துகொண்டிருந்ததே அந்த வழவழப்புதான். நுண்ணுயிர்கள் மீடியாவின் மேல் ஒட்டி, தங்களைச் சுற்றிப் பசை மாதிரி ஒரு படலம் கட்டிக்கொண்டு வாழ்கின்றன. அதில் ஒரு கூட்டம் இறால் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. கிருமிநாசினிக்கு நல்ல கிருமி, கெட்ட கிருமி என்ற பேதம் தெரியாது.

கடற்கரையில் குளம் வைத்திருப்பவர் தண்ணீர் கெட்டால் மதகைத் திறந்துவிட்டு வேறு தண்ணீர் ஏற்றிக்கொள்வார். சேலத்தில் அந்த வசதி நமக்கு இல்லை. ஓமலூர் பக்கம் என்னிடம் இருப்பது 20,000 லிட்டர் தார்ப்பாய்த் தொட்டிகள் நான்கு. நான் வளர்க்கும் வனாமி வகை இறாலுக்கு உப்பளவை 10 பிபிடியில், அதாவது லிட்டருக்கு 10 கிராமில், வைத்திருக்கிறேன். கால்வாசித் தண்ணீரை மாற்றினால் 50 கிலோ உப்பு மூட்டை ஒன்று காலி, பொட்டாசியம், மக்னீசியம் செலவு தனி. வெளியேற்றும் உப்புத் தண்ணீரைப் பக்கத்துத் தோட்டத்துக்கும் விட முடியாது. அதனால் நமக்கு எல்லாமே ஃபில்டர்தான். அது படுத்தால் அறிகுறியைச் சரியாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு மருந்தும் விட்டுச்செல்லும் தடம் வேறு வேறு.

எதையும் ஊற்றும் முன் அரை மணி நேரம்

ஒரு நோட்டில் எழுதுங்கள்: என்ன போட்டீர்கள், எத்தனை கிராம், எந்த நாள், எத்தனை மணிக்கு. வலை கழுவியது, பக்கத்துத் தொட்டிக்கு அடித்தது, லாரித் தண்ணீர் இறக்கியது எல்லாம் இதில் சேரும். பிறகு அமோனியா, நைட்ரைட், பிஹெச், காரத்தன்மை, குளோரின் ஐந்தையும் பாருங்கள். நைட்ரைட் கிட் வாங்கும்போது அது நைட்ரைட்டைக் காட்டுகிறதா, நைட்ரைட்டில் உள்ள நைட்ரஜனைக் காட்டுகிறதா என்று அட்டையைப் படியுங்கள். இரண்டுக்கும் 3.3 மடங்கு வித்தியாசம். பலர் இதில்தான் பயந்து போகிறார்கள், அல்லது பயப்பட வேண்டிய இடத்தில் சும்மா இருந்துவிடுகிறார்கள். ஃபார்மலின் போட்டிருந்தால் நெஸ்லர் வகை அமோனியா கிட்டை நம்பாதீர்கள், ஃபார்மலின் அதில் பொய்க் கணக்குக் காட்டும்.

அடுத்து, ஃபில்டரிலிருந்து ஒரு மீடியாவை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டிப் பாருங்கள். உயிரோடு இருக்கும் மீடியாவின் உள்பக்கம் வெளிர் காபி நிறத்தில் மெல்லிய படலம் ஒட்டியிருக்கும். தேய்த்தால் உடனே வராது. மழை பெய்த மண் வாசம் லேசாக அடிக்கும். அடிபட்ட மீடியாவில் அந்தப் படலம் சாம்பல் நிறமாகி, தொட்டாலே சளி மாதிரி வழன்று விரலில் வந்துவிடும். சில சமயம் கடையில் வாங்கியது போல வெள்ளையாகவே இருக்கும்.

கண்ணுக்கும் விரலுக்கும் பிடிபடாவிட்டால் வாளி சோதனை இருக்கிறது. எனக்கு இதைவிட நம்பிக்கையான சோதனை கிடையாது. 3.82 கிராம் அம்மோனியம் குளோரைடை ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரைத்தால் ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜன் இருக்கும். குளோரின் இல்லாத, தொட்டியின் அதே உப்பளவுள்ள 10 லிட்டர் தண்ணீரில் இந்தக் கரைசல் 20 மில்லி விட்டால் 2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம். அதில் ஒரு லிட்டர் அளவு மீடியாவைப் போட்டு ஏர் ஸ்டோன் விடுங்கள். பக்கத்திலேயே மீடியா போடாத இன்னொரு வாளி. காலையில் வைத்தால், ஃபில்டர் நன்றாக இருக்கும்பட்சத்தில் மாலைக்குள் அமோனியா பெருமளவு குறைந்திருக்கும். மறுநாள் காலையிலும் இரண்டு வாளியும் ஒரே நிறம் காட்டினால் மீடியாவில் உயிர் இல்லை.

அமோனியா ஏறுகிறது, நைட்ரைட் கிட்டத்தட்ட பூஜ்யம்

மருந்து போட்ட இரண்டாம், மூன்றாம் நாளில் இது தெரிந்தால் முதல் கூட்டமே விழுந்துவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் பிளீச்சிங் பவுடர், அல்லது பிகேசி (பென்சல்கோனியம் குளோரைடு என்ற கிருமிநாசினி). மூன்று நான்கு வாரமே ஆன புதுப் படலம் முழுவதுமாகச் செத்துப்போகும். ஆறேழு மாதப் பழைய மீடியாவில் மேல்பகுதி செத்தாலும் பசையின் அடியில் கொஞ்சம் பிழைத்திருக்கும். அதனால்தான் ஒரே அளவு மருந்து ஒருவருக்கு ஒன்றும் செய்யாமல், இன்னொருவருக்குத் தொட்டியையே காலி செய்கிறது.

தீவனத்தை அன்றைக்கே நிறுத்துங்கள். ஒரு நாள் கழித்துக் கால் பங்கு மட்டும் கொடுங்கள். இறால் இரண்டு நாள் பட்டினியைத் தாங்கும், அமோனியாவைத் தாங்காது. சுண்ணாம்பும் சோடாவும் பிஹெச்சை ஏற்றும், அதனால் இப்போது வேண்டாம். 28 முதல் 30 டிகிரி வெப்பத்தில் பிஹெச் 7 என்றால் மொத்த அமோனியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே விஷமுள்ள வடிவில் இருக்கும். பிஹெச் 8 ஆனால் சுமார் 7 சதவீதம். 9 ஆனால் 40 சதவீதத்துக்கு மேல். நம் ஊர் சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் இன்னும் சூடாகும், கணக்கு இன்னும் மோசமாகும். பகலில் நிழல்வலை போட்டே ஆக வேண்டும். செலவானாலும் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள், ஆனால் அதே உப்பளவில், குளோரின் நீக்கிய பிறகு.

குளோரின் போயிருக்க வேண்டும், ஆனால் ஃபில்டர் எழவில்லை

"ஒரு நாள் முழுக்க ஏரேட்டர் ஓட்டிட்டேன், குளோரின் போயிருக்கும்" என்பார்கள். தனிக் குளோரின் போயிருக்கும். ஆனால் அமோனியா இருக்கும் தண்ணீரில் குளோரின் விழுந்தால் இரண்டும் சேர்ந்து குளோரமின் ஆகிவிடும். அது காற்றடித்தால் சீக்கிரம் போகாது. அதைவிடக் கெட்ட செய்தி, தனிக் குளோரினைவிடக் குளோரமின் படலத்துக்குள் ஆழமாக இறங்கும். தனிக் குளோரின் மேல்பசையோடு வினைபுரிந்து அங்கேயே தீர்ந்துவிடும். குளோரமின் நிதானமாக உள்ளே போய்க் கொல்லும்.

மஞ்சள் நிறம் காட்டும் மலிவு கிட்டில் சொட்டு விட்டதும் பார்த்துவிட்டு ஊற்றிவிடாதீர்கள். குளோரமின் மெதுவாகத்தான் நிறம் காட்டும். ஐந்து நிமிடம் வைத்து, வெள்ளைத் தாளின் முன் பிடித்துப் பாருங்கள்.

மாற்று மருந்து சோடியம் தயோசல்பேட். ஒரு பிபிஎம் குளோரினுக்கு ஏழு பிபிஎம் என்று போட்டால் நடைமுறையில் தப்பாது. 30 சதவீத பிளீச்சிங் பவுடர் 10 கிராமை 1,000 லிட்டரில் போட்டால் 3 பிபிஎம் குளோரின். அதற்கு 21 கிராம் தயோசல்பேட். குளோரமின் உடையும்போது அதிலிருந்த அமோனியா வெளியே வரும், அதனால் போட்ட பிறகு அமோனியா கொஞ்சம் ஏறினால் பதற வேண்டாம். இன்னொன்று, நம் வெயிலில் தகரக் கொட்டகையில் வைத்த பிளீச்சிங் பவுடர் வீரியம் இழந்துகொண்டே இருக்கும். பழைய பையில் வேலை செய்யாத அளவைப் புதுப் பையில் அப்படியே போட்டு அடிபட்டவர்கள் உண்டு.

நீங்கள் எதுவும் போடவில்லை, ஆனாலும் இதே அறிகுறி என்றால், தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீர் நாம் குடிப்பதற்காகக் குளோரின் போட்டு வருகிறது. லாரித் தண்ணீரிலும் சிலர் போடுவார்கள். ஆவியாகிப் போனதை ஈடுகட்ட நாலு குடம் ஊற்றினோம் என்று நினைப்போம். தினமும் நாலு குடம் ஊற்றினால் ஃபில்டருக்குத் தினமும் அடி.

அமோனியா இறங்கிவிட்டது, நைட்ரைட் நாள்தோறும் ஏறுகிறது

இது பாதி நல்ல செய்தி. முதல் கூட்டம் எழுந்துவிட்டது, இரண்டாம் கூட்டம் எழவில்லை. அடிபட்டால் நைட்ரைட்டைத் தின்னும் கூட்டம்தான் பெரும்பாலும் தாமதமாக மீளும். தோல் உரித்த இறால்கள் விடியற்காலையில் ஒன்றிரண்டாகச் சாவது இதன் அடையாளம்.

இங்கே உப்பளவு உயிரைக் காக்கும் விஷயம். தண்ணீரில் உள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே நுழைவதைத் தடுக்கிறது. (குளோரைடு வேறு, குளோரின் வேறு. குளோரைடு நம் சாதாரண உப்பில் இருப்பது.) வனாமிக்குப் பாதுகாப்பான நைட்ரைட் நைட்ரஜன் அளவு கடல்நீரின் 35 பிபிடியில் சுமார் 25 பிபிஎம், 15 பிபிடியில் சுமார் 6. இரண்டு பிபிடிக்கு இறங்கினால் அரை பிபிஎம்மே ஆபத்து. கடலூர்க்காரர் ஒருவர் "பத்து இருந்தாலும் ஒன்னும் ஆகாது" என்று சொன்னால் அவர் தண்ணீருக்கு அது சரி. நமக்குச் சரியில்லை. என் 10 பிபிடியில் நான் 2-ஐத் தாண்ட விடுவதில்லை.

செய்ய வேண்டியது: உப்பளவை ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு பிபிடி வீதம் மெதுவாக ஏற்றுங்கள், தீவனத்தைக் குறைவாகவே வையுங்கள், ஏரேட்டரைக் கூட்டுங்கள். வெல்லப்பாகு அல்லது நாட்டுச்சர்க்கரை போடலாமா என்று கேட்பார்கள். ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனுக்கு 15 முதல் 20 கிராம் சர்க்கரை போட்டால் வேறு வகை பாக்டீரியாக்கள் வளர்ந்து அமோனியாவை நேரடியாக எடுத்துக்கொள்ளும். நைட்ரைட்டுக்கு வரத்து குறையும். ஆனால் அவை ஆக்சிஜனை வாரிக் குடிக்கும், மீடியாவின் மேல் தடித்து வளர்ந்து நம் பழைய கூட்டத்தை மூடிவிடும். அவசரத்துக்கு மூன்று நான்கு நாள் போடலாம், பழக்கமாக்கக் கூடாது. நம்மூரில் மரவள்ளி மாவு மலிவு என்பதால் சிலர் அதைப் போடுகிறார்கள். மாவுச்சத்து கரைந்து வேலை செய்ய நேரமாகும், கரையாதது அடியில் படிந்து அழுகும். அவசரத்துக்கு நாட்டுச்சர்க்கரைதான்.

தண்ணீர் கலங்குகிறது, நுரை கட்டுகிறது, மீடியா உரிகிறது

பர்மாங்கனேட் அல்லது ஹைட்ரஜன் பெராக்சைடு கொஞ்சம் கூடிவிட்டால் படலம் பிய்ந்து தண்ணீரில் மிதக்கும். செத்த படலம் அழுகி அதுவே அமோனியா ஆகும், ஆக்சிஜனையும் தின்னும். அடியில் சேர்வதை உறிஞ்சி எடுங்கள், வடிகட்டிப் பையை நாளுக்கு இருமுறை அலசுங்கள். மீடியாவைக் குழாய்த் தண்ணீரில் கழுவவே கழுவாதீர்கள், தொட்டித் தண்ணீரில் ஒரு முக்கு போதும். பர்மாங்கனேட்டுக்குப் பிறகு மீடியா பழுப்பாகக் கறைபட்டிருந்தால் அது மாங்கனீசு படிவு. கறையை வைத்து முடிவு கட்டாதீர்கள், வாளி சோதனை சொல்லட்டும். இந்த இரண்டு மருந்தும் சீக்கிரம் சிதைந்துவிடுவதால் ஃபில்டர் மற்ற மருந்துகளைவிட வேகமாக மீளும்.

இரண்டு வாரமாகியும் ஒரு அசைவும் இல்லை

பிகேசி. என் மூன்றாம் தொட்டியில் நடந்தது. இறால் செவுள் கறுத்திருந்ததைப் பார்த்து ஒரு கடையில் கேட்டேன். ஒரு பிபிஎம் போடுங்கள், ஃபில்டருக்கு ஒன்றும் ஆகாது என்றார்கள். நான்காம் நாள் அமோனியா 4. தயோசல்பேட் போட்டேன், பயனில்லை. பிகேசிக்கும் தயோசல்பேட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று பிறகுதான் புரிந்தது. பிகேசி காற்றடித்தாலும் போகாது. பிளாஸ்டிக், படலம், சேறு எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு, புதிதாக வரும் பாக்டீரியாவையும் தடுக்கும். மீடியாவை வெளியே எடுத்து உப்புத் தண்ணீரில் மூன்று முறை அலசினேன். தொட்டியில் கிளர்வூட்டிய கரியைப் பையில் கட்டித் தொங்கவிட்டேன், வாரம் ஒரு முறை கரியை மாற்றினேன். அந்த ஃபில்டர் முழுதாக எழ ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரமும் இரவு இரண்டு மணிக்கு டார்ச் லைட்டோடு செத்த இறால் பொறுக்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதே தண்ணீரை ஃபில்டர் வழியாகத் திரும்பத் திரும்ப ஓட்டும் சுழற்சித் தொட்டியில் பிகேசிக்கு இடமே இல்லை என்பது என் முடிவு. கழுவி வெயிலில் காயப்போடும் சாமானுக்கு வேண்டுமானால் பயன்படுத்தலாம்.

எல்லா அளவும் சரி, ஆனால் ஒரு வாரம் கழித்து இறால் சாகிறது

இதைத்தான் பலர் தவறாகப் படிக்கிறார்கள். குடல் காலி, வெள்ளை நூல் மாதிரி கழிவு, சில சமயம் இரவில் விளக்கை அணைத்தால் தண்ணீரில் பச்சை ஒளி. கிருமி வந்துவிட்டது என்று இன்னொரு முறை கிருமிநாசினி ஊற்றுவார்கள். அடுத்த வாரம் இன்னும் அதிகம் சாகும்.

நடப்பது இது. மருந்து எல்லாவற்றையும் அடித்துத் துடைத்துவிட்டது. காலி இடத்தில் யார் முதலில் குடியேறுவார்கள்? வேகமாகப் பெருகுபவர். இறாலுக்கு நோய் தரும் விப்ரியோ பாக்டீரியா நல்ல சூழ்நிலையில் அரை மணிக்குள் இரட்டிப்பாகும். நம் நைட்ரஜன் பாக்டீரியா இரட்டிப்பாக அரை நாளிலிருந்து ஒரு நாளுக்கு மேலும் ஆகும். செத்த படலத்திலிருந்து வெளியான சத்து முழுவதும் முந்தியவருக்கே சாப்பாடு. போதாததற்குக் குழாய் வளைவிலும் ஏர் ஸ்டோனிலும் ஒட்டிய பசைக்குள் ஒளிந்திருந்த விப்ரியோ மருந்துக்குத் தப்பித்திருக்கும். முதிர்ந்த படலமுள்ள தொட்டியில் இடமும் இல்லை, சாப்பாடும் இல்லை, அதனால் அது அடங்கிக் கிடந்தது.

ஆகவே இரண்டாவது முறை ஊற்றாதீர்கள். தீவனத்தைப் பாதியாக்கி, சேற்றை எடுத்து, ஏர் ஸ்டோன்களையும் வளைவுக் குழாய்களையும் கழற்றி வெயிலில் ஒரு நாள் காயவிடுங்கள். ஆரோக்கியமான உங்கள் சொந்தத் தொட்டி ஒன்றிலிருந்து முதிர்ந்த மீடியா கொஞ்சம் கொண்டுவந்து போடுங்கள். அடுத்தவர் பண்ணை மீடியா வேண்டாம், நோயும் சேர்ந்து வரும். தண்ணீரையும் இறாலையும் ஆய்வகத்துக்கு அனுப்பி விப்ரியோ எண்ணிக்கை பாருங்கள், அதிலும் பச்சைக் காலனிகள் எத்தனை என்று கேளுங்கள். வெள்ளைப்புள்ளி நோய் என்று உறுதியானால் பேச்சு வேறு. அப்போது ஃபில்டரைக் காப்பாற்ற நினைக்கக் கூடாது, தொட்டி, குழாய், மீடியா அத்தனையும் குளோரின் போட்டுக் கொன்றுவிட்டுத்தான் மறுபடி தொடங்க வேண்டும்.

பிஹெச் இறங்குகிறது

இது பெரும்பாலும் மருந்தின் குற்றம் இல்லை, ஃபில்டர் வேலை செய்கிறது என்பதற்கே சாட்சி. ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனை மாற்ற அது சுமார் 7 கிராம் காரத்தன்மையைத் தின்கிறது. அமோனியா அடங்கியிருந்தால் ஒரு கிராமுக்கு 12 கிராம் ஆப்ப சோடா என்ற கணக்கில் பிரித்துப் பிரித்துப் போடுங்கள். ஏற்காட்டில் அலங்கார மீன் வைத்திருக்கும் நண்பருக்கு மார்கழியில் ஃபில்டர் மந்தமாகிவிடும், அவரும் மருந்தைச் சந்தேகிப்பார். 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் பாக்டீரியா மெதுவாகத்தான் வேலை செய்யும். அங்கே ஹீட்டர்தான் வைத்தியம்.

கிருமிநாசினி போட்டே ஆக வேண்டுமென்றால்

சுழற்சிக்கு வெளியே போடுங்கள். உள்ளே வரும் தண்ணீரைத் தனி டேங்கில் குளோரின் போட்டு, தயோசல்பேட்டில் முறித்து, கிட்டில் பார்த்து, பிறகு ஏற்றுங்கள். வலை, வாளி அயோடினில் முக்கி அலசி வெயிலில் போடுங்கள். தொட்டிக்குள்ளேயே மருந்து போட வேண்டி வந்தால் ஃபில்டரைத் துண்டித்து, மீடியாவைத் தனி டிரம்மில் தொட்டித் தண்ணீரோடு வைத்துக் காற்று விடுங்கள். காற்றில்லாமல் வைத்தால் சில மணி நேரத்தில் அதுவே மூச்சடைத்துச் செத்துவிடும். அந்த டிரம்முக்கும் தினம் கொஞ்சம் அம்மோனியம் குளோரைடு கொடுங்கள், பட்டினி போடாதீர்கள்.

புதிதாகத் தொடங்கும் ஃபில்டருக்கு நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும், உப்புத் தண்ணீரில் இன்னும் கூடலாம். அதனால் பிகேசி விவகாரத்துக்குப் பிறகு 200 லிட்டர் டிரம் ஒன்றில் மீடியா எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது, அருகில் எந்த மருந்து பாட்டிலும் வைப்பதில்லை. கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் முதலில் ஓடுவது அந்த டிரம்மின் ஏர் பம்ப்தான். வாழப்பாடித் தம்பிக்கு அதிலிருந்து ஒரு சாக்கு எடுத்துக் கொடுத்தேன். அடுத்தவர் மீடியா வேண்டாம் என்று சொன்னவன் நான்தான், ஆனாலும் என் டிரம்மில் எந்த நோயும் இல்லை என்பதாலும், போன சாக்கு திரும்பி என் பண்ணைக்குள் வராது என்பதாலும் கொடுத்தேன். ஒன்பதாம் நாள் அவர் வாளியில் அமோனியா மாலைக்குள் இறங்கிவிட்டது. தீவனம் இன்னும் பாதிதான் கொடுக்கிறார்.